தனக்கு மிஞ்சிய தானம்

(எமது சங்க மண்டபத்தில் அங்கத்தவர் முன்னிலையில் ஆற்றிய உரை)



ததீசி முனிவரின் கதையை நாமெல்லாரும் சிறு வயதிலே கேட்டிருக்கிறோம். விருத்திராசுரனை வெல்ல ஆயுதம் வேண்டுமென்று இந்திரன் இரந்து நின்றபோது, அம்முனிவர் தமது முதுகெலும்பையே கொடுத்தார். கொடுத்தவர் உயிரோடு இருக்கவில்லை. இத்தகைய கதைகளைக் கேட்டு வளர்ந்த எமக்கு, தன்னை அழித்துக்கொண்டு கொடுப்பதே மேலான தானம் என்ற எண்ணம் உள்ளத்தில் ஊறிப்போயிருக்கிறது.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளும் எலும்பிலிருந்து கொடுக்கும் தானத்தைப் பற்றியதே. ஆயினும் இத்தானத்தின் விதி வேறு. இங்கே கொடுத்தவர் எழுந்து வீட்டுக்கு நடந்து போக வேண்டும். சில கிழமைகளில் முன்போலத் தமது வேலையைப் பார்க்க வேண்டும். அவ்வாறு நடவாவிட்டால் அத்தானம் குறைபட்டதாகவே கொள்ளப்படும். "தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும்" என்று எம் ஆச்சிமார் சொல்லும் பழமொழியை உலோபிகளின் சாட்டு என்றே நாம் எண்ணியிருந்தோம். மச்சை கொடுப்போரின் குருதியை வைத்தியர்கள் எவ்வாறு கணக்கிட்டுக் காக்கிறார்கள் என்பதை அறிந்த பின்னரே அப்பழமொழியின் நேர்மை எமக்கு விளங்கியது.

எலும்புகளின் உட்புறத்தே பஞ்சு போன்ற குழிகளில் நிறைந்திருக்கும் மென்மையான பொருளை என்பு மச்சை என்பர். வளர்ந்தோரில் இடுப்பென்பு, மார்பென்பு, முள்ளந்தண்டு முதலியவற்றில் உள்ள செம்மச்சையே குருதியின் பிறப்பிடமாகும். மூச்சுக் காற்றின் பயனை உடலெங்கும் சுமந்து செல்லும் செங்குழியங்களும், நோயை எதிர்க்கும் வெண்குழியங்களும், காயத்தில் குருதி உறையத் துணைபுரியும் சிறுதட்டுக்களும் அங்கேதான் பிறக்கின்றன. ஒரு செங்குழியத்தின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள். இறப்பவற்றுக்கு ஈடாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 கோடிச் செங்குழியங்களை மச்சை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. இரத்தப் புற்றுநோயிலும், மச்சை வரண்டுபோகும் நோயிலும், தலசீமியாவிலும் இந்த ஊற்று கெட்டுவிடுகிறது. அந்நோயாளர் பலருக்கு, சுகதேகியான ஒருவரின் மச்சையைப் பெற்று ஊற்றைப் புதுப்பித்தலே நோய் தீரும் வழியாக இருக்கிறது. எவருடைய மச்சையும் எவருக்கும் பொருந்திவிடாது. கூடப்பிறந்த ஒருவர் முற்றாகப் பொருந்துவதற்கும் நான்கில் ஒரு வாய்ப்பே உண்டு.

இச்சிகிச்சையின் வரலாறு நீண்டது. அமெரிக்காவில் டொனல் தோமஸ் என்னும் வைத்தியர் 1957ஆம் ஆண்டிலே மனிதர்க்கு மச்சை ஏற்றியமைபற்றி எழுதினார். அந்நோயாளர் எவரும் நீடித்து வாழவில்லை. 1958இல் யூகோசிலாவியாவில் விஞ்சா என்னுமிடத்து அணு ஆராய்ச்சி நிலையத்தில் நேர்ந்த விபத்தில் கதிர்வீச்சுக்கு ஆளானோரைப் பாரிஸ் நகருக்குக் கொண்டுசென்றபோது, ஜோர்ஜ் மத்தே என்னும் வைத்தியர் அவர்களுள் ஐவருக்கு மச்சை ஏற்றினார். முன்பின் அறியாத அந்நியர்க்காகப் பிரெஞ்சு மக்கள் சிலர் தம் எலும்பிலிருந்து அதைக் கொடுத்தனர். 1968இல் மினசோட்டாவில் றொபேட் குட் என்பாரின் குழுவினர், நோயெதிர்ப்புச் சத்தி இல்லாமற் பிறந்த ஒரு குழந்தைக்கு அவன் சகோதரியின் மச்சையை ஏற்றி வெற்றி கண்டனர். 1974இல் லண்டனில் தன் மகன் அந்தனிக்குப் பொருத்தமானவரைத் தேடிய ஷேர்லி நோலன் என்னும் தாய், கொடையாளர் பதிவேடு ஒன்றைத் தொடக்கினார். மகன் 1979இல் இறந்துவிட்டான், பதிவேடு நிலைத்தது. 1990இல் தோமஸ் நோபல் பரிசு பெற்றார். 2009இல் சென்னையில் 'தாத்ரி' என்னும் பதிவேடு தோன்றியது.

இவ்வரலாற்றிலே நோயாளரின் பெயரும் வைத்தியரின் பெயரும் எழுதப்பட்டிருக்கின்றன. கொடுத்தவருக்கோ பெரும்பாலும் ஒரு வரிதான் கிடைத்திருக்கிறது. அந்த ஒரு வரிக்கு உரியவரைப் பற்றியே இன்று பேசுகிறோம்.

மச்சை எடுக்கும்போது கொடையாளரை மயக்க மருந்து கொடுத்துக் குப்புறக் கிடத்துவர். இடுப்பின் பின்புறத்து இரு பக்கமும் தோலிலே சில துளைகளிட்டு, அவற்றின் வழியாகத் தடித்த ஊசியை எலும்பினுட் செலுத்தி, மச்சையை உறிஞ்சி எடுப்பர். தோலில் துளைகள் சிலவே. உள்ளே எலும்பிலோ ஊசி பல இடங்களில், சில வேளை நூற்றுக்கு மேற்பட்ட தடவைகள், இறங்க வேண்டியிருக்கும். வெளிவருவது தனி மச்சையன்று. குருதியும் கலந்தே வரும். இங்கேதான் எமது கேள்வி பிறக்கிறது. எவ்வளவு எடுக்கலாம்?

நோயாளியின் நிறையில் ஒவ்வொரு கிலோகிறாமுக்கும் ஏறத்தாழ 20 முதல் 40 கோடி வரையான கலங்கள் வேண்டுமென்பது ஒரு பக்கத்துக் கணக்கு. கொடுப்பவரின் நிறையில் ஒரு கிலோகிறாமுக்கு 20 மில்லிலீற்றருக்கு மேல் எடுத்தலாகாது என்பது மறு பக்கத்துக் கணக்கு. 60 கிலோகிறாம் நிறையுள்ள ஒரு வாலிபரிடம் ஏறத்தாழ 4.2 லீற்றர் குருதி இருக்கும். அவரிடம் எடுக்கத்தக்க மேல் எல்லை 1.2 லீற்றர், அஃதாவது நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல். எமது இரத்ததான முகாமில் ஒருவரிடம் எடுப்பது 450 மில்லிலீற்றர் அளவே என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 100 மில்லிலீற்றர் குருதியில் 13 கிறாம் ஈமோகுளோபின் இருந்தவருக்கு, மச்சை கொடுத்த மறுநாள் 10 கிறாமே இருத்தல் கூடும். கொடுப்பவர் சிறியவராகவும் பெறுபவர் பெரியவராகவும் இருந்தால் இரு கணக்குகளும் முரண்படும். அப்போது எந்தக் கணக்கு மேலோங்க வேண்டும்? கொடுப்பவரின் கணக்கே மேலோங்க வேண்டும். நோயாளிக்கு இச்சிகிச்சையால் உயிர் கிடைக்கலாம். கொடுப்பவரின் உடலுக்கோ இதனால் யாதொரு நன்மையும் இல்லை. சுகதேகியின் மேல் ஊசி வைப்பவர் நோயாளியின் மேல் வைப்பவரிலும் பன்மடங்கு கவனமாயிருக்கக் கடமைப்பட்டவர்.

குருதியோடு போவது இரும்புச்சத்து என்பதையும் மறத்தலாகாது. ஒரு கிறாம் ஈமோகுளோபினில் 3.4 மில்லிகிறாம் இரும்பு உண்டு. ஆகவே ஒரு லீற்றர் குருதி குறைந்தால் 400 மில்லிகிறாமுக்கும் மேலான இரும்பு போய்விடும். ஆண் ஒருவரின் உடற்களஞ்சியத்தில் ஏறத்தாழ 1,000 மில்லிகிறாம் இரும்பு இருக்கும். பெண்ணுக்கோ 300 மில்லிகிறாம் அளவே. மாதவிலக்கினாலும் குறைந்த உணவினாலும் அதுவும் இல்லாத பெண்கள் எம் வீடுகளில் எத்தனையோ பேர்.

இது வெறும் புத்தகக் கணக்கன்று என்பதை எமக்கு உணர்த்திய சம்பவம் ஒன்றுண்டு. சம்பந்தப்பட்ட பிள்ளையின் சம்மதம் பெற்றே இதைக் கூறுகிறோம்.

எமது சங்கத்தோடு தொடர்புள்ள ஒரு குடும்பத்திலே பதினொரு வயதுச் சிறுவனுக்குத் தலசீமியா. நிறை 25 கிலோகிறாம். மாதந்தோறும் அவனுக்கு இரத்தம் ஏற்றுவார்கள். பத்தொன்பது வயதான அவன் அக்காவின் மச்சை அவனுக்கு முற்றாகப் பொருந்தியது. அயல்நாடு ஒன்றில் சிகிச்சை செய்யப் பணம் திரட்டினோம். எமது சங்கத்தார் இருவர் துணைக்கும் போயினர். அங்கே பரிசோதித்தபோது அக்காவுக்கு ஈமோகுளோபின் 10.4 கிறாம், உடலில் இரும்பின் சேமிப்பு ஏறக்குறைய ஒன்றுமில்லை. நிறை 42 கிலோகிறாம்.

வீட்டின் நிலையைச் சற்றே எண்ணிப்பாருங்கள். மாறி மாறி இரத்தம் ஏற்றியதால் தம்பியின் உடலில் இரும்பு மிகுந்துவிட்டது. அதை வெளியேற்றத் தினமும் மருந்து கொடுக்கிறார்கள். அதே வீட்டில், அதே அடுப்பில் சமைத்ததை உண்ணும் அக்காவுக்கு இரும்பு இல்லை. காலையில் வெறுந்தேநீர் குடித்துவிட்டுப் படிக்கப் போகும் அவளை ஒருவரும் கவனிக்கவில்லை. எல்லாருடைய கண்ணும் தம்பியின்மேல் இருந்தது.

"ஐயா, கொடுக்கிறதென்று வந்த பிறகு கணக்குப் பார்க்கலாமோ? பிள்ளை தாங்குவாள்" என்றார் தாய். அக்காவைப் பரிசோதித்த வைத்தியர் தம்பியின் வைத்தியரல்லர். அவர் சொன்னார்: "அம்மா, மகனுக்கு வேறு டொக்டர் இருக்கிறார். நான் உங்கடை மகளின்ரை டொக்டர்." பின்னர் அப்பிள்ளையைத் தனியே அழைத்துக் கேட்டார். அவள் அழுதுகொண்டு சொன்னாளாம்: "கொடுக்க எனக்கு விருப்பம்தான். ஆனால் எனக்கு அடிக்கடி தலை சுற்றும். அதைச் சொன்னால் தம்பியில் பாசமில்லை என்று நினைப்பினம்."

சிகிச்சை மூன்று மாதம் ஒத்திவைக்கப்பட்டது. தலசீமியா அவ்வளவு காலம் பொறுக்கக்கூடிய நோய். அக்காவுக்கு இரும்புச்சத்துக் குளிசை கொடுத்தார்கள், ஈமோகுளோபின் 12.6 ஆக உயர்ந்தது. அவளிடம் எடுக்கத்தக்க எல்லை 840 மில்லிலீற்றர். தம்பி சிறியவனாகையால் அவனுக்கு வேண்டியது 750 கோடிக் கலங்கள் அளவே. அரை லீற்றருக்குச் சற்று மேல் எடுத்ததும் போதுமென்று நிறுத்தினார்கள். பிறர் இரத்தம் அவளுக்கு ஏற்றப்படவில்லை. மறுநாள் மாலை எழுந்து நடந்தாள். தம்பி இப்போது இரத்தம் ஏற்றாமலே பாடசாலைக்குப் போய் வருகிறான்.

இச்சம்பவத்தில் எமது குற்றமும் ஒன்றுண்டு. அதற்கு முந்திய வருடம் எமது இரத்ததான முகாமுக்கு அப்பிள்ளை வந்திருந்தாள். நிறையும் போதாது, குருதியும் போதாது என்று திருப்பியனுப்பினோம். ஏன் போதாது என்று கேட்க எம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கொடுக்க முடியாதவர் என்று பெயரை வெட்டினோம். உதவி வேண்டியவர் என்று எழுதவில்லை.

இனி, கொடையாளரின் குருதியைக் காக்கும் வழிகளைச் சுருக்கமாகக் கூறுவோம்.

முதலாவது, எடுப்பதற்கு முந்திய காலம். ஈமோகுளோபினோடு இரும்பின் சேமிப்பையும் சோதித்தல் வேண்டும். தலசீமியாக் குடும்பங்களில் இது மிக அவசியம். நோயில்லாத சகோதரரும் அக்குறையின் ஒரு பாதியைச் சுமப்பவராயிருக்கலாம். அவர் மச்சை கொடுக்கலாம். ஆனால் அவருடைய ஈமோகுளோபின் குறைவு இரும்பினால் தீராது. காரணமறியாமல் குளிசை விழுங்குதல் தவறு. இரும்பு குறைந்தோர் குளிசையைத் தேநீரோடு விழுங்கலாகாது. தேநீர் இரும்பை உடலிற் சேரவிடாது. தேசிக்காய்ச் சாறு அதைச் சேர்க்கத் துணைபுரியும். அஸ்பிரின் போன்று குருதி உறைவதைத் தடுக்கும் மருந்துகளை வைத்தியரின் சொற்படி முன்கூட்டியே நிறுத்த வேண்டும்.

இரண்டாவது, எடுக்கும் முறை. எமது கிணறுகளை நாம் அறிவோம். ஆற அமர இறைத்தால் நன்னீர் வரும். ஒரே மூச்சில் இறைத்துத் தள்ளினால் அடியிலிருந்து உவர் ஏறிவிடும். மச்சையும் அத்தகையதே. ஓரிடத்தில் முதலில் வரும் சில மில்லிலீற்றரிலே வேண்டிய கலங்கள் செறிந்திருக்கும். அதற்கு மேலும் இழுத்தால் வெறுங் குருதியே வரும். ஆகவே கைதேர்ந்த வைத்தியர் ஓரிடத்தில் 5 மில்லிலீற்றர் அளவே எடுத்து, ஊசியைத் திருப்பி, இடம் மாற்றி எடுப்பார். இடையிலே கலங்களை எண்ணுவித்து, போதிய அளவு சேர்ந்ததும் நிறுத்துவார். குறைந்த குருதியில் நிறைந்த கலங்களை எடுத்தலே அவர்தம் திறமை. அவ்வேளையில் மயக்க மருந்து கொடுப்பவர் நாடியையும் இரத்த அமுக்கத்தையும் பார்த்து, குறைந்த நீரைச் சேலைனால் ஈடுசெய்வார்.

மூன்றாவது, தன் குருதியைத் தானே சேமித்தல். சிகிச்சைக்குச் சில கிழமைகள் முன்னரே கொடையாளரின் குருதியில் ஒன்றிரண்டு பொதிகளை எடுத்துக் குளிரில் வைத்து, மச்சை எடுக்கும்போது அவருக்கே திருப்பி ஏற்றும் வழக்கம் உண்டு. பிறர் இரத்தத்தால் எயிட்ஸ் பரவுமென்ற அச்சம் எழுந்த 1980களில் இது பெரிதும் பரவியது. கேட்க நல்ல யோசனைதான். ஆயினும் அனுபவம் வேறொன்றைக் காட்டியது. சில கிழமைகளில் உடல் முழுதும் ஈடுசெய்துகொள்ளாது. கொடையாளர் குருதி குறைந்த நிலையிலேயே சத்திரசிகிச்சைக்கு வருகிறார். குறைந்திருப்பதால் ஏற்ற வேண்டியிருக்கிறது. ஏற்றாவிட்டால் சேமித்த பொதி வீணாக எறியப்படுகிறது. ஆகவே நல்ல உடல்நிலை உள்ளோர்க்குப் பல நிலையங்களில் இவ்வழக்கத்தைக் கைவிட்டிருக்கிறார்கள். பெருந்தொகை எடுக்கவேண்டிய சிலர்க்கே அது பயன்படும். நோயாளியினதும் கொடையாளரினதும் குருதி வகை வேறாயிருந்தால், எடுத்த மச்சையிலிருந்து செங்குழியங்களைப் பிரித்துக் கொடையாளருக்கே திருப்பிக் கொடுத்தலும் கூடும். சிறு பிள்ளைகள் கொடுக்கும்போது இம்முறை பெரிதும் உதவுகிறது.

நான்காவது, பிறர் இரத்தம். சுகதேகியாக வந்தவருக்கு அந்நியரின் இரத்தத்தை ஏற்றுவது கடைசி வழியாகவே இருக்க வேண்டும். எண் குறைந்தது என்பதற்காக மாத்திரம் ஏற்றலாகாது. தலைசுற்று, மூச்சு வாங்குதல், நெஞ்சுப் படபடப்பு ஆகியவற்றையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். மச்சை எடுக்குமுன்னோ எடுக்கும்போதோ ஏற்றவேண்டி வந்தால், கதிர்வீச்சுக்கு உட்படுத்திய இரத்தத்தையே ஏற்றுவர். மூன்றாம் ஆளின் உயிருள்ள வெண்குழியங்கள் மச்சையோடு கலந்து நோயாளியைச் சென்று தாக்காமலிருக்கவே இந்த ஏற்பாடு.

ஐந்தாவது, எடுத்த பின்னர். மச்சை நாலு முதல் ஆறு கிழமையில் தானே நிறைந்துவிடும். இரும்பு தானே நிறையாது; இரண்டு மூன்று மாதம் குளிசை எடுத்து, மறுபடியும் சோதித்துப் பார்த்தல் வேண்டும். முதுகுநோவும் களைப்பும் சில கிழமை இருக்கும். "பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டாள்" என்று மறந்துவிடுவதே இங்கு நேரும் பெரும் பிழை.

இக்காலத்தில் பெரும்பாலோர் மயக்க மருந்தின்றியே கொடுக்கிறார்கள். ஐந்து நாள்வரை ஊசி போட்டு, மச்சையின் மூலக் கலங்களைக் குருதிக்குள் வரச்செய்து, இயந்திரத்தால் அவற்றை மாத்திரம் பிரித்துக்கொண்டு, மற்றையவற்றை உடலுக்கே திருப்பிவிடுகிறார்கள். இதில் குருதி இழப்புச் சிறிதே. ஆனால் தலசீமியா போன்ற நோய்களில், ஏற்றிய கலங்கள் நோயாளியின் உடலையே தாக்கும் ஆபத்து மச்சையிலே குறைவாகையால், எலும்பிலிருந்து எடுப்பதையே இன்னும் பெரிதும் விரும்புகிறார்கள்.

இவற்றைக் கேட்டு எவரும் அஞ்ச வேண்டியதில்லை. ஐரோப்பாவில் 1993 முதல் 2005 வரை நடந்த 51,024 மாற்றுச் சிகிச்சைகளை ஆராய்ந்தபோது, அவை தொடர்பாக உயிரிழந்த கொடையாளர் ஐவர் என்று கண்டனர். அவருள் எலும்பிலிருந்து மச்சை கொடுத்தவர் ஒருவர். பத்தாயிரத்தில் ஒருவர் என்பது சிறிய எண்தான். அந்த ஒருவரின் வீட்டுக்கு அது சிறிய எண்ணன்று. இத்தனை கவனமும் அதற்காகவே.

கடைசியாக ஒன்று. மச்சை ஏற்றுவதற்குச் சில நாட்களுக்கு முன்னர் நோயாளியின் பழைய மச்சையைக் கடுமையான மருந்துகளால் அழித்துவிடுவார்கள். அதன்பின் கொடையாளர் பின்வாங்கினால் நோயாளி பிழைப்பது அரிது. ஆகவே "மாட்டேன்" என்று சொல்லும் உரிமையை அதற்கு முன்னரே அவருக்கு உண்மையாகக் கொடுத்தல் வேண்டும். பிள்ளைகள் கொடையாளராகும்போது, அவர்கள் பக்கமிருந்து மாத்திரம் பேச ஒருவர் வேண்டுமென்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2010இல் அறிவுறுத்தியது. எம் குடும்பங்களில் பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கும் அத்தகைய ஒருவர் வேண்டும் என்பதே எம் அனுபவம்.

ஆகவே எமது சங்கத்தின் முன்னே மூன்று கோரிக்கைகளை வைக்கிறோம். இரத்ததான முகாமில் குருதி குறைவென்று திருப்பியனுப்பப்படும் ஒவ்வொருவரையும் வைத்தியரிடம் அழைத்துச் சென்று காரணம் அறியும் பொறுப்பைச் சங்கம் ஏற்க வேண்டும். உறவினர்க்கு மச்சை கொடுக்கும் எவருக்கும், நோயாளியின் பக்கமின்றிக் கொடையாளரின் பக்கமாகவே நிற்கும் ஒருவரைச் சங்கம் துணையாக அனுப்ப வேண்டும். கொடுத்து மூன்று மாதம் கழிந்தபின், மறுபடியும் சோதித்துக்கொண்டாயா என்று அவர் வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும்.

வாலிப நண்பர்களே, கொடுக்க முன்வாருங்கள். பெரியோர்களே, கொடுக்க வரும் பிள்ளையிடம் "நீ சாப்பிட்டாயா, உனக்குத் தலை சுற்றுகிறதா" என்று முதலிற் கேளுங்கள். ததீசி முனிவரிடம் இந்திரன் அதைக் கேட்கவில்லை. நாம் கேட்போமாக.